கட்டையின் கனம்: தோட்டத்து ஆர்மோனியத்திலிருந்து டிஜிட்டல் பியானோ வரை

இம்முறை ஒரு சின்னச் சொல்லிலிருந்து தொடங்குவோம். "அந்தம்மா ஐந்தரைக் கட்டையில் பாடினார்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இது என்ன கட்டை? விறகுக் கட்டையா? வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் "சுருதி" என்பார்கள். சுருதி சரிதான். ஆனால் சுருதிக்கு ஏன் கட்டை என்று பேர் வந்தது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

பதில் ஆர்மோனியப் பெட்டியில் இருக்கிறது. விரல் வைத்து அழுத்தும் அந்த மரத்துண்டுதான் கட்டை. வெள்ளைக் கட்டைகளை இடமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு வரை எண்ணினார்கள். இரண்டு வெள்ளைக்கு நடுவில் நிற்கும் கறுப்புக்கு அரை. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை, நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நாலரை. பாடகர் எந்தக் கட்டையை ஆதார சட்ஜமாக வைத்துக்கொள்கிறாரோ அதுவே அவருடைய சுருதி. ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, இரண்டு கட்டையில் பாடுவார்கள்; பெண்கள் ஐந்து, ஆறு கட்டையில். மூன்றரைக் கட்டை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்றாம் வெள்ளைக்கும் நாலாம் வெள்ளைக்கும் நடுவில் கறுப்பே கிடையாது. நம் இசைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஐரோப்பியப் பெட்டி, நம் பாட்டுக்காரர்களின் குரலையே தன் கட்டையால் அளக்க வைத்துவிட்டது பாருங்கள்.

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெட்டி புதிதல்ல. ரந்தாவ், லிங்கி, லாபு, பகாவ் பக்கம் பால்மரக் காடுகளுக்கு நடுவே லயங்கள் இருந்த காலத்தில், மாரியம்மன் கோவில் பஜனையில் ஆர்மோனியம் இருக்கும். திருவிழா ராத்திரியில் 'வள்ளி திருமணம்', 'அரிச்சந்திரா' போடும்போதும் இருக்கும். காலையில் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, வாளி சுமந்த கைதான் ராத்திரியில் கட்டை மேல் ஓடியது. 1938-ல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர் வருவதைத் தடுத்த பிறகு ஊரிலிருந்து புது ஆட்கள் வருவது குறைந்தது. அதற்குப் பிறகு தோட்டத்தில் வாசிப்பு தெரிந்தவர் இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்தால்தான் உண்டு. சுரம் எழுதிய புத்தகம் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பார்த்துத்தான் படிப்பு.

ஆர்மோனியம் பிறந்த ஊர் பாரிஸ். 1840களின் தொடக்கத்தில் அலெக்சாந்தர் தெபேன் என்பவர் இந்தப் பேரில் அதற்கு உரிமம் வாங்கினார். அது காலால் மிதித்துக் காற்று ஊட்டும் பெரிய மேசை. அதைத் தரையில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி சுருக்கி, பின்பக்கத்தில் கைத்துருத்தி வைத்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் கல்கத்தாவில் துவார்கின் கடையை நடத்திய துவாரகாநாத் கோஷ். அது 1880களில் நடந்தது. பிறகு அந்தப் பெட்டி இந்தியா முழுக்கப் பரவி, தமிழ் நாடக மேடையில் ராஜாவாக உட்கார்ந்துகொண்டது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகங்களை ஆர்மோனியம் இல்லாமல் நினைக்கவே முடியாது. ஒலிபெருக்கி இல்லாத மேடையில் உச்சக் குரலில் பாடிய செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு ஆர்மோனியம் வாசித்தவர் அவருடைய அண்ணன் காசி ஐயர்.

எல்லாருக்கும் அது பிடிக்கவில்லை. இலக்கியம் படிக்கும் மாணவர்களுக்கு இது பயன்படும்: பாரதியார் 'சங்கீத விஷயம்' என்ற கட்டுரையில் ஆர்மோனியத்தைக் கடுமையாகச் சாடியிருக்கிறார். தாகூருக்கும் ஆகாது. கடைசியில் 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி அந்தப் பெட்டியை நிலையத்துக்குள்ளேயே விடவில்லை. 1971-ல்தான் அந்தத் தடை தளர்ந்தது. குற்றச்சாட்டு என்ன? ஒவ்வொரு கட்டைக்கும் ஒரே ஒரு நிலையான ஒலிதான். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடியாது. நம் கமகம் அதில் வராது. குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வானொலி நிலையம் வெளியே தள்ளிய அதே காலத்தில் ஊர் மேடையும் தோட்டத்துக் கோவிலும் அதை மடியில் வைத்துக்கொண்டன. பாவலர் வரதராசனின் கச்சேரிக் குழுவோடு ஊர் ஊராகப் போன தம்பி இளையராஜா கையில் இருந்ததும் ஆர்மோனியம்தான்.

இப்போது நம் பொருளுக்கு வருவோம். ஆர்மோனியக் கட்டை என்ன வேலை செய்கிறது? ஒரு கதவைத் திறக்கிறது, அவ்வளவுதான். கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு மூடி தூக்கிக்கொள்ளும், காற்று உலோக நாக்கை அதிர வைக்கும், ஒலி வரும். விரலை எடுத்தால் கம்பிச்சுருள் மூடியைத் திரும்ப அமுக்கிவிடும். கட்டையை ஓங்கி அடித்தாலும் பூப்போலத் தொட்டாலும் ஒலியின் அளவு மாறாது. ஒலி கூடுவதும் குறைவதும் துருத்தியை ஆட்டும் இடக்கையில் இருக்கிறது. ஆக, நம் தோட்டத்துப் பாட்டுக்காரருக்கு வலக்கை சுரம் சொல்லும், இடக்கை உணர்ச்சி சொல்லும். கட்டை லேசாக இருப்பது அங்கே குறையே இல்லை. லேசாக இருந்தால்தான் விரல் ஓடும்.

பியானோவின் கதை நேர்மாறானது. அதற்கு முன் ஐரோப்பிய மாளிகைகளில் இருந்த ஹார்ப்சிகார்டில் கட்டையை அழுத்தினால் ஒரு சிறு முள் தந்தியைச் சுண்டிவிடும். எப்படி அழுத்தினாலும் ஏறக்குறைய ஒரே சத்தம். 1700-ஐ ஒட்டி, பிளாரன்ஸ் நகரத்து மெதிச்சி குடும்பத்தின் கருவிக் காப்பாளர் பார்த்தலோமேயோ கிறிஸ்தோஃபோரி, சுண்டுவதற்குப் பதில் தட்டுகிற ஒரு கருவியைச் செய்தார். கட்டையை அழுத்தினால் ஒரு சுத்தியல் எழும்பித் தந்தியைத் தட்டும்; தட்டியதும் விலகிவிடும். மெல்ல அழுத்தினால் மெல்லத் தட்டும், வேகமாக அழுத்தினால் பலமாகத் தட்டும். அதன் பேரிலேயே இத்தாலிய மொழியில் 'பியானோ', 'ஃபோர்த்தே' என்ற இரண்டு சொற்களும் இருந்தன. மென்மை, வன்மை என்று பொருள். நம் பாஷையில் சொன்னால் மெல்லினமும் வல்லினமும் ஒன்றாகச் சேர்ந்த பெட்டி. நாளடைவில் வல்லினம் விழுந்துபோய் மெல்லினம் மட்டும் பேராக நின்றுவிட்டது. கிறிஸ்தோஃபோரி 1720-ல் செய்த பியானோ ஒன்று இன்றும் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பியானோக் கட்டை கனமாக இருப்பதற்குக் காரணம் இங்கேதான். அது நடுவில் தாங்கல் வைத்த ஒரு ஏற்றம் மாதிரி. இந்த முனையில் உங்கள் விரல், அந்த முனையில் சுத்தியலும் அதைத் தூக்கும் மரத் துண்டுகளும். விரல் முனையில் கட்டை சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் கீழே போகும், ஆனால் சுத்தியல் அதைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு தூரம் பாயும். அந்தப் பாய்ச்சலுக்கான எதிர்ப்பைத்தான் விரல் கனமாக உணர்கிறது. பியானோ செய்பவர்கள் கட்டையின் நுனியில் சிறு எடைகளை வைத்து, எத்தனை கிராமில் கட்டை இறங்குகிறது என்று பார்ப்பார்கள். பொதுவாக ஐம்பது கிராமை ஒட்டி வரும். அதைச் சரிக்கட்டக் கட்டைக்குள் ஈயக் குண்டுகளைப் பதிப்பார்கள். இடப்பக்கத் தாழ்ந்த சுரங்களின் தந்தி தடிமன், சுத்தியலும் பெரியது; அதனால் அங்கே கட்டை கொஞ்சம் கூடுதல் கனம். வலப்பக்கம் போகப் போக லேசாகும். 1821-ல் செபாஸ்தியன் எரார் இந்த அமைப்பைத் திருத்தினார். கட்டை முழுக்க மேலே வராமலேயே ஒரே சுரத்தை மறுபடி தட்ட முடிந்தது. இன்றைய பெரிய பியானோக்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

இத்தனை மரம், கம்பளி, பசை, தந்தி நம் ஊர் ஈரப்பதத்தில் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. மரம் ஊதும், கட்டை ஒட்டிக்கொள்ளும், சுருதி இறங்கும். வெப்ப நாடுகளுக்கென்று பசையோடு திருகாணியும் அடித்த பியானோக்கள் அந்தக் காலத்தில் செய்யப்பட்டன. அவை தொரை பங்களாவுக்கும் பட்டணத்துப் பள்ளிக்கும் உரியவை. லயத்துக்கு வந்தவை அல்ல.

மின்சாரக் கருவி வந்ததும் நிலைமை மாறியது. 1980-ல் காசியோ நிறுவனம் காசியோடோன் வரிசையைக் கொண்டுவந்தது. பிறகு சிறியதும் பெரியதுமாகக் கீபோர்டுகள் பெருகி, கல்யாண மேடையிலும் கோவில் திருவிழாவிலும் இசைக்குழுக்கள் ஆர்மோனியத்தை ஓரங்கட்டின. தூக்கிக்கொண்டு ஓடலாம், சுருதி இறங்காது, நூறு கருவியின் குரல் பேசும். ஆனால் அந்த ஆரம்பக் கீபோர்டுகள் பலவற்றில் ஒரு விசித்திரம் உண்டு. கட்டை கம்பிச்சுருளால் ஆனது, ஆர்மோனியம் போல லேசு, அடிக்கும் வேகத்தையும் அது கண்டுகொள்ளாது, துருத்தியும் கிடையாது. அதாவது உணர்ச்சிக்கு வலக்கையிலும் இடமில்லை, இடக்கையிலும் இடமில்லை. ஒலியைக் கூட்டக் குறைக்கத் திருகு ஒன்று இருந்தது, அவ்வளவே. ஆர்மோனியம் வாசித்துப் பழகிய பெரியவர்கள் அதை "உயிர் இல்லாத பெட்டி" என்று முணுமுணுத்ததில் நியாயம் இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த உயிரைத் திரும்பக் கொண்டுவரத்தான் கனமான கட்டைகள் வந்தன. 1974-ல் ரோலண்ட் நிறுவனம் தொடு வேகத்தை உணரும் மின்னணு பியானோவைச் செய்தது. 1983-ல் யமஹாவின் கிளாவினோவா வந்தது. அதே ஆண்டில்தான் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் 'மிடி' என்ற பொது மொழியும் வெளியானது. ஒரு சுரம் எவ்வளவு வேகத்தில் அடிக்கப்பட்டது என்பதை அது 1 முதல் 127 வரை ஒரு எண்ணாகச் சொல்லும். 1984-ல் ரே கர்ஸ்வைல் 88 கனமான கட்டைகளோடு ஒரு கருவியை வெளியிட்டார். பாடகர் ஸ்டீவி வொண்டரோடு பேசிய பேச்சிலிருந்து பிறந்த கருவி அது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். பலரும் குழம்பும் இடம் இது, நானும் குழம்பிய இடம். டிஜிட்டல் பியானோ உங்கள் விரலின் எடையை அளப்பதில்லை, வேகத்தைத்தான் அளக்கிறது. கட்டையின் கீழே இரண்டு தொடுபுள்ளிகள் இருக்கும். கட்டை இறங்கும்போது முதல் புள்ளியைத் தொட்டு, அடுத்து இரண்டாவதைத் தொடும். நடுவே ஆன நேரம் குறைவு என்றால் வேகம் அதிகம், ஒலி பலம். நேரம் கூடினால் ஒலி மெல்லிசு. சில கருவிகளில் மூன்றாவது புள்ளியும் உண்டு. ஒரே சுரத்தை அடுத்தடுத்துத் தட்ட அது உதவும். இந்தக் கணக்கைக் கம்பிச்சுருள் வைத்த லேசான கட்டையிலும் செய்துவிடலாம்! அப்படியானால் கனம் எதற்கு? கருவிக்காக அல்ல, உங்கள் கைக்காக. லேசான கட்டையில் மெல்லிசுக்கும் பலத்துக்கும் இடையில் விரலுக்குப் பிடிமானமே இல்லை. கட்டை சடக்கென்று அடிக்குப் போய்விடும். எதிர்ப்பு இருந்தால்தான் இருபதாவது வேகத்துக்கும் நாற்பதாவது வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டை விரல் கற்றுக்கொள்ளும். உள்ளே தந்தி இல்லை, தட்ட எதுவும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு போலிச் சுத்தியலைப் பொருத்தி வைத்திருக்கிறார்கள். அந்தச் சுத்தியல் ஒலி எழுப்பாது. கைக்குப் பாடம் நடத்த மட்டுமே இருக்கிறது.

நான் குழம்பிய கதையையும் சொல்லிவிடுகிறேன். என் வகுப்பில் படிவம் நான்கில் ஒரு மாணவி. ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வெளியேறி மலிவு விலை வீட்டுக்கு வந்த குடும்பம். தாத்தா கோவில் பஜனையில் ஆர்மோனியம் வாசித்தவர். பேத்திக்கும் அவரே குரு. பிள்ளை பியானோத் தேர்வு எழுத ஆசைப்பட்டாள். அப்பா என்னிடம் வந்து, "டீச்சர், எதை வாங்கலாம்? நீங்க சொன்னா சரி" என்றார். எனக்கு என்ன தெரியும்? பெட்டி மேல் 'டச்' என்று போட்டிருந்த 61 கட்டைக் கீபோர்டைக் காட்டி, இது போதும் என்றேன். போனஸ் பணத்தில் வாங்கினார்கள். ஒன்றரை ஆண்டு அவள் அதிலேயே பயிற்சி செய்தாள். தேர்வுக்குச் சில வாரம் முன்பு ஒரு மண்டபத்தில் இருந்த நிஜ பியானோவில் உட்கார வைத்தோம். முதல் வரியிலேயே மூன்று சுரம் ஊமையாகிப் போச்சு. கட்டை இறங்குகிறது, சத்தம் வரவில்லை. மெல்லிசாக வாசிக்க வேண்டிய இடத்தில் அவள் ஆர்மோனியத்தில் தொடுவதுபோல் தொட்டிருக்கிறாள். சுத்தியல் தந்தி வரைக்கும் போகவே இல்லை. பயந்துபோய் அடுத்த வரியை ஓங்கி அடித்தாள், அது வல்லினமாகவே முடிந்தது. சின்னக் கருவியில் இல்லாத தாழ்ந்த கட்டைகளைத் தேடி இடக்கை வேறு தடுமாறியது. பத்து நிமிடத்தில் கை வலிக்கிறது என்று நிறுத்திவிட்டாள். அந்த முறை தேர்வு எழுதவில்லை. அவளுடைய அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை; அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

அதன் பிறகுதான் உட்கார்ந்து இதையெல்லாம் படித்தேன். உங்களிடமும் ஒரு பெற்றோர் வந்து கேட்பார். அப்போது என்ன சொல்வது? 'டச் சென்சிட்டிவ்' என்றால் வேகத்தை உணரும் என்று மட்டுமே பொருள், கட்டை கனமானது என்று பொருள் அல்ல. நான் விழுந்த குழி இதுதான். 'செமி வெயிட்டட்' என்றால் கம்பிச்சுருளோடு கொஞ்சம் எடையும் சேர்த்தது. ஆர்கன் வாசிப்புக்கும் திரைப்பாட்டு மேடைக்கும் நல்லது, பியானோத் தேர்வுக்குப் போதாது. 'ஹேமர் ஆக்‌ஷன்' என்று இருந்தால்தான் உள்ளே அந்தப் போலிச் சுத்தியல் இருக்கிறது. 'கிரேடட்' என்று சேர்ந்திருந்தால் இடப்பக்கம் கனமாகவும் வலப்பக்கம் லேசாகவும் தரம் பிரித்தது. பெயர்ப் பலகையை நம்பவில்லை என்றால் கையை நம்புங்கள். கருவியை நிறுத்திவிட்டு, கடைசி இடது கட்டையை ஒரு விரலால் மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள். பிறகு கடைசி வலது கட்டையை. வேறுபாடு தெரிய வேண்டும். விரலை எடுத்ததும் கட்டை ரப்பர் பந்துபோல் துள்ளி வந்தால் அது கம்பிச்சுருள்; தன் பாரத்தில் நிதானமாக எழுந்தால் சுத்தியல். இன்னும் எளிய வழி, தூக்கிப் பார்ப்பது. 61 லேசான கட்டையுள்ள கீபோர்டு ஐந்து கிலோ அளவில் இருக்கும். 88 சுத்தியல் கட்டையுள்ளது பெரும்பாலும் பத்துக் கிலோவைத் தாண்டும். விற்பவர் என்ன பேசினாலும் தராசு பொய் சொல்லாது.

விலையும் ஏறும், உண்மைதான். தேர்வு நோக்கம் இல்லாத பிள்ளைக்கு, தேவாரத்துக்கும் பஜனைக்கும் சுருதி பிடிக்க மட்டும் வேண்டும் என்றால், இத்தனை செலவு தேவையே இல்லை. லேசான கட்டையே போதும். கனமான கட்டை அங்கே தொந்தரவு. வசதி இல்லாத இடத்தில் முழுக் கருவி வாங்கக் கடன்படச் சொல்லாதீர்கள். வாரத்துக்கு இரண்டு முறை நிஜக் கட்டையில் கை வைக்க ஓர் இடம் தேடிக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: விண்ணப்பிக்கும் முன்பே உங்கள் தேர்வுக் குழுவின் பாடத்திட்டத்தில் கருவி பற்றிய பகுதியைப் படித்துவிடுங்கள்.

அந்த மாணவி இப்போது அந்த மண்டபத்தில் சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் வாசிக்கிறாள். சாவி என்னிடம் இருக்கிறது. முதல் இரண்டு மாதம் மெல்லிய சுரங்கள் அடிக்கடி விழுந்தன, இப்போது விழுவதில்லை. வெள்ளிக்கிழமை பஜனையில் தாத்தாவின் ஆர்மோனியத்தையும் அவள்தான் வாசிக்கிறாள். போன வாரம் ஒரு புதுச் சிக்கலோடு வந்தாள். பியானோவில் பழகிய கை, ஆர்மோனியக் கட்டையையும் ஓங்கித் தட்டுகிறதாம். தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து, "கட்டைய அடிக்காதடி, துருத்தியப் பாரு" என்கிறாராம்.